நடையும் மாத்திரையும்: கூட்டணி எப்போது பலிக்கும்?

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கறேன், சத்து மாத்திரையும் விடாம சாப்பிடறேன். ஆனா சோர்வு போகலையே! ஞாபக மறதி வேற..."

ஐம்பதைத் தாண்டிய பலரின் புலம்பல் இது. கோளாறு எங்கே?

நடையைக் குறை சொல்ல முடியாது. 2011-ல் அமெரிக்காவில், வயதானவர்கள் 120 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. பாதிப் பேர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் லேசான பயிற்சிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருடத்தில், நடந்தவர்களுக்கு ஞாபகசக்திக்கான மூளைப் பகுதி சுமார் 2 சதவிகிதம் பெருத்திருந்தது; மற்றவர்களுக்கோ சுருங்கியிருந்தது!

சரி, மாத்திரை?

குறைகிற சத்தை ஈடுகட்டத்தான் மாத்திரை. குறையே இல்லாதவர் விழுங்கினால் பணம்தான் தண்டம். சில சமயம் காரியமே கெடும். 2009-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் சிலருக்கு தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும், வைட்டமின் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். நான்கு வாரப் பயிற்சியில் மற்றவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை!

யாருக்குத் தேவை?

சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. சோர்வு, மறதி, பாதத்தில் மதமதப்பு... இதெல்லாம் அதன் அறிகுறிகள். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். நாள் கடந்தால் நரம்பு பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும்.

மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் பெண்கள் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. டாக்டர் தரும் இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸ் நல்ல துணை.

ஜிம்முக்குப் போகும் பையன் புரோட்டீன் பவுடர் கேட்கிறானா? இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. சுண்டல், பருப்பு, தயிர், பால் என்று தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டாலே பலருக்குப் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பவுடர் டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஆக, நடையை இன்றைக்கே ஆரம்பியுங்கள். மாத்திரையை மட்டும், பரிசோதனை ரிப்போர்ட் வந்த பிறகு ஆரம்பிக்கலாம்!