சதிரும் சர்க்காரும்

ருஷ்ய தேசத்தில் ஒரு விநோதம் உண்டு. அங்கே ராஜாங்கம் ஆட்டங்கண்டாலும் பாலே ஆட்டம் நிற்பதில்லை. 1738-ல் சக்கரவர்த்தினி அன்னாவின் காலத்தில் பீட்டர்ஸ்பர்க்கில் தோன்றிய நாட்டியப் பள்ளியை ஜார் மன்னர்கள் போஷித்தார்கள். 1917-ல் புரட்சி மூண்டது. ஜார் நிக்கலஸின் இளமைக் கால அன்புக்குப் பாத்திரமான க்ஷெசின்ஸ்காயா என்னும் நர்த்தகியின் மாளிகையைப் போல்ஷ்விக்குகள் கைப்பற்றினார்கள். அதன் மேல்மாடத்திலிருந்து லெனின் பிரசங்கம் செய்தார். ஆயினும் புதிய சர்க்கார் பாலேயைக் கைவிடவில்லை. 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவைக் கவிழ்க்கச் சதி நடந்தபோதும் டெலிவிஷனில் ‘அன்ன ஏரி’ பாலேயைத்தான் காட்டினார்கள்!

நம் நாட்டிலோ கதை வேறு விதமாயிற்று.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் சபையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் சதிர்க் கச்சேரிக்கு ஒழுங்கான முறை வகுத்தனர். 1855-ல் கும்பெனியார் தஞ்சை ராஜ்யத்தை எடுத்துக்கொண்டதும் அந்த ஆதரவு அற்றது. பிறகு, ஆடும் பெண்களை இழித்துரைத்து, சதிரையே ஒழிக்க வேண்டும் என்னும் கிளர்ச்சி 1890-களில் வலுத்தது.

1932-ன் இறுதியில், முதல் மந்திரி பொப்பிலி ராஜாவுக்கு அளித்த உபசாரத்தில் சதிர் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கண்டித்தார், வக்கீல் இ. கிருஷ்ணய்யர் பத்திரிகையில் மறுத்து எழுதினார். இருவரில் எவரையும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அம்மையாரின் தாயார் அந்தக் குலத்திலேயே பிறந்தவர். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழியவேண்டுமென்று அவர் துடித்தார். கிருஷ்ணய்யரோ, 1931-ல் கல்யாணியின் புதல்வியரை சென்னை மியூஸிக் அகாடமியில் ஆடச்செய்து கலையைக் காக்க முயன்றவர்.

இங்கேயும் ருஷ்யாவின் நிழல் விழுந்தது. பாலே ராணி அன்னா பாவ்லோவா, தம்மிடம் ஈடுபட்ட ருக்மிணி தேவியை நம் தேசத்துக் கலையின் பக்கம் திருப்பினார். அவர் 1935-ல் அடையாற்றில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். சதிர் ‘பரத நாட்டியம்’ என்னும் பெயரில் கௌரவம் பெற்றது. 1947-ல் சென்னை ராஜதானியில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. கோயிலில் பெண்கள் ஆடுவதையும் அது விலக்கிற்று.

ருஷ்யாவில் எஜமானர்கள் மாறினார்கள். ஆடுகிறவர்கள் மேடையிலேயே இருந்தார்கள். இங்கே ஆட்டம் மேடையேறிற்று. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்களிற் பலர் மேடையை விட்டு இறங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதியைப் போல் இறுதிவரை நிலைத்து உலகப் புகழ் பெற்றவர் மிகச் சிலரே.

பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது முற்றிலும் நியாயம். ஆனால் ஒரு தீமையைக் களையும்போது, அதில் அகப்பட்டவர்களின் வித்தைக்கும் ஒரு வழி செய்திருக்க வேண்டாமா? இன்று எங்கள் எம்.கே.பி. நகரில் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் சலங்கை கட்டுகிறார்கள். அது கண்டு மகிழ்கிறோம். அந்த அடவுகள் யார் பாதங்களின் வழியே வந்தவை என்பதையும் அக்குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது பெற்றோர் கடமை, ஆசிரியர்களாகிய நம் கடமையுமாம்.