கற்பூரவள்ளிக்குத் தண்ணீரைக் குறையுங்கள்

வீட்டில் கற்பூரவள்ளி பட்டுப்போனதென்று யாராவது சொன்னால், தினமும் தண்ணீர் ஊற்றினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். இந்தச் செடி வாடிச் சாவது குறைவு. அழுகிச் சாவதே அதிகம்.

ஓர் இலையை ஒடித்துப் பாருங்கள். சட்டென்று முறியும், முறிந்த இடத்தில் நீர் கசியும். பாறைச் சரிவிலும் மணற்பாங்கான நிலத்திலும் வளரும் இனம் என்பதால், மழையில்லாத நாட்களுக்கான நீரைத் தடித்த இலையிலேயே சேர்த்துவைக்கிறது. மண் சதா ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை பிடித்துத் தண்டின் அடி கறுத்துவிடும். அதனால் செம்மண்ணோடு மணலும் மட்கிய தொழுவுரமும் தாராளமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் வையுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் தண்ணீர். ஐப்பசி அடைமழையில் மொட்டைமாடித் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுவது நல்லது. காலை வெயில் போதும். நிழல் மிகுந்தால் தண்டு நோஞ்சானாக நீளும்.

துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது இது. இலையின் மெல்லிய மயிர்களுக்கிடையே நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கசக்கினால் அவை உடைந்து கார்வக்ரால், தைமால் ஆகியவற்றின் வாசம் கிளம்பும். ஓமத்தின் நெடிக்கும் தைமால்தான் காரணம். ஆய்வுக்கூடத்தில் இவை பல நுண்ணுயிர்களை அடக்குகின்றன. அதற்காக இலைச்சாறு எல்லா இருமலையும் தீர்க்கும் என்று சொல்லிவிட முடியாது. அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றைத் தேனில் குழைத்துத் தருவது நம் வழக்கம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய சில பாக்டீரியா வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மூச்சு இரைத்தால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். இந்த இலையை நம்புவது நாம் மட்டுமல்ல. சுமத்ராவின் பாத்தாக் மக்களும், தாய்ப்பால் ஊற வேண்டுமென்று பிள்ளை பெற்றவளுக்கு இதைச் சமைத்துப் போடுகிறார்கள்.

புதுச் செடிக்கு விதை தேட வேண்டாம். நாலு விரல் நீளத் தண்டை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். வேர் கிளம்புவது அந்தக் கணுவிலிருந்துதான். இரண்டு வாரத்தில் லேசாக இழுத்தால் பிடி தெரியும். பிறகு நுனியை அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகும், கிள்ளியது பஜ்ஜிக்கு.