மலைச் சக்கரங்கள் – 11: அரை அங்குலம்

என் மேஜை மேல் இரண்டு மரக்கட்டைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு துளை. ஒன்றில் துளைக்குத் துளை 140 மில்லிமீட்டர், இன்னொன்றில் 145. ஒரு பழைய மலை சைக்கிளுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இந்தக் கட்டைகள்தான்.

சைக்கிள் 2006ஆம் ஆண்டு மாடல். அலுமினிய ஃபிரேம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 26 அங்குலச் சக்கரம். சான் ஹோசேயில் வேலை பார்த்த பெரியப்பா மகன் வாங்கி ஓட்டியது. ஊர் திரும்பும்போது பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து, “தூக்கிப் போட மனசு வரல தம்பி, நீயே வச்சுக்க” என்று குன்னூரில் என் வீட்டு வராந்தாவில் சாய்த்துவிட்டுப் போனார். ஃபோர்க் எண்ணெய் கக்கியது. முன்னால் மூன்று, பின்னால் ஒன்பது என்றிருந்த கியரில் பாதி விழவில்லை. பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று சத்தம். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “இதுக்கு இப்ப சாமான் கிடைக்காது.”

எனக்கு அது ஒப்பவில்லை. மலை சைக்கிள் பிறந்ததே பழைய ஃபிரேமில் புதிய சாமான் பூட்டித்தான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1930, 40களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியெடுத்து, டிரம் பிரேக்கும் டிரெயிலர் கியரும் மாட்டி, மலைச்சரிவில் இறக்கிய கூட்டத்தைப் பற்றி இத்தொடரின் தொடக்கத்தில் எழுதினேன். கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள். 1977இல் பிரீஸ் தானே குழாய் வெட்டிப் புது ஃபிரேம் கட்டும்வரை, மலைக்கென்று தனி ஃபிரேம் அங்கே அநேகமாக யாரிடமும் இல்லை.

புதுச் சாமானுக்கு ஆர்டர் போடுமுன் ஃபிரேமை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். இரும்புக்கு ஒரு குணம் உண்டு: சுமை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் முறை அசைத்தாலும் அது சலிப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஃபிரேமைக் கழுவித் துடைத்து, வெல்டிங் ஒட்டுகளின் மேல் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினேன். பட்டறைகளில் நெடுங்காலமாகச் செய்வதுதான். கீறல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் ஊறி வெளியே வந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு போடும். ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடம், அதன் கீழேயுள்ள முட்டுத் தகடு, பின்பக்க மூட்டுகளின் காதுகள் ஆகியவற்றை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோடு எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால் ஃபிரேமைச் சுவரில் மாட்டியிருப்பேன். இந்த அலுமினியம் சூட்டுப் பதம் ஏற்றியது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும், மறுபடி முறையாகப் பதமேற்றாமல் அதன் மேல் உட்கார்ந்து மலை இறங்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

கடகடச் சத்தம் மூட்டுகளில் இருந்து வந்தது. இந்த ஃபிரேமின் பின்பகுதி நான்கு கைகள் சேர்ந்த அமைப்பு. பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால், கீழ்க்குழாயில் ஒரு மூட்டு இருக்கும். ஹோர்ஸ்ட் லைட்னர் என்பவர் வடிவமைத்ததால் அதற்கு ஹோர்ஸ்ட் லிங்க் என்று பெயர். காப்புரிமையை 1998இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வாங்கியது. ஆக்சில் அந்த மூட்டுக்குப் பின்னால் மேல்கையோடு சேர்ந்திருப்பதால், பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் அவ்வளவாக இறுகாது. அருமையான யோசனை. ஆனால் மூட்டுக்கு மூட்டு பேரிங், என் ஃபிரேமில் மொத்தம் எட்டு.

சக்கரத்துப் பேரிங் நாளெல்லாம் சுற்றும், கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவும். மூட்டுப் பேரிங் சுற்றுவதே இல்லை. சில டிகிரி முன்னே, சில டிகிரி பின்னே, அவ்வளவுதான். அதே குண்டு அதே இடத்தில் வருஷக்கணக்கில் இடித்து, உள்வளையத்தில் சின்னச் சின்னக் குழி விழுந்துவிடும். அதற்காகவே இடையில் கூடு இல்லாமல், உள்ளே கொள்ளும் அளவுக்குக் குண்டுகளை நிறைத்த பேரிங் விற்கிறார்கள். முக்கிய மூட்டுக்கு 6902, மற்றவற்றுக்கு 6900. எண் தெரிந்தால் போதும், கோயம்புத்தூர் பேரிங் கடையில் சாதாரண வகை கையோடு கிடைக்கும். குண்டு நிறைத்த வகையை மட்டும் வரவழைத்தேன்.

பழையதைத் தட்டி எடுத்தபின் புதியதை ஏற்றுவதில்தான் பொறுமை வேண்டும். சுத்தியல் எடுக்கவில்லை. நீளமான மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் சரியாக உட்காரும் அளவில் ஒரு பாக்ஸ் ஸ்பேனர் தலை. இருபக்கமும் நட்டை முறுக்க முறுக்க பேரிங் அங்குலம் அங்குலமாக இல்லை, நூலிழை நூலிழையாக உள்ளே போகும். உள்வளையத்தில் அழுத்தினால் புதுப் பேரிங் அங்கேயே செத்துவிடும். எட்டும் ஏறி முடிந்து, ஷாக்கை மாட்டாமல் பின்பகுதியைத் தூக்கி விட்டேன். சத்தமே இல்லாமல், தண்ணீரில் இறங்குவது போலத் தாழ்ந்தது. அந்த ஒரு அசைவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுக்கலாம்.

அடுத்து அளவுகள். 2006க்குப் பிறகு இந்தத் தொழில் ஏறக்குறைய எல்லா அளவையும் மாற்றிவிட்டது. பின் ஹப் 135 மி.மீ.யிலிருந்து 142க்கும், அங்கிருந்து 148க்கும் போனது. இதில் 142 பயமுறுத்தும் எண்தான். உண்மையில் அது 135தான், இருபக்கமும் மூன்றரை மி.மீ. கூடுதல் மூடி வைத்திருக்கிறார்கள். பல ஹப்புகளில் மூடியை மாற்றினால் பழைய ஃபிரேமுக்கு வந்துவிடும், எனக்கும் வந்தது. 148 வராது.

பெடல் அச்சு உட்காரும் கூட்டில் எந்தத் தொல்லையும் இல்லை. அதன் மரை அளவுக்கு உலகம் முழுவதும் பெயர் பி.எஸ்.ஏ. ஆம், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நமக்கெல்லாம் தெரிந்த அதே பி.எஸ்.ஏ., பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். புது மாடல் கிராங்க் வாங்கிக்கொண்டு குன்னூர் கடைத்தெருவில் நாற்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டும் பெரியவரிடம் போனேன். இந்த மாதிரி சைக்கிளை அவர் தொட்டதில்லை. கப்பைக் கையில் வாங்கி மரையைப் பார்த்தவர், “வலது பக்கம் எதிர்மரைதானே தம்பி?” என்றார். அதேதான்.

முன்பக்கம் ஃபோர்க். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளின் தண்டு மேலே 1⅛ அங்குலம், கீழே 1½ அங்குலம். பழைய நேர்த்தண்டு ஃபிரேம்கள் பலவற்றில் இது நுழையவே நுழையாது. என் ஃபிரேமின் ஹெட் டியூப் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தது பெரிய கொடுப்பினை. கீழே மட்டும் வெளியில் தொங்கும் கப் ஒன்று போட்டால் நுழைந்துவிடும். 26 அங்குலத்துக்கென்று புது ஃபோர்க் அநேகமாக வருவதில்லை என்பதால் 27.5க்கான 120 மி.மீ. ஃபோர்க்கை எடுத்தேன். கப்பின் உயரமும் சேர்ந்து முன்பக்கம் சுமார் 30 மி.மீ. உயர்ந்தது. 20 மி.மீ.க்கு ஒரு டிகிரி என்பது தோராயக் கணக்கு. 70 டிகிரியில் நிமிர்ந்து நின்ற ஹெட் டியூப் 68½க்குச் சாய்ந்தது. இறக்கத்தில் இந்தச் சாய்வு பெரிய நிதானம் தரும். கூடவே சீட்டும் அதே அளவு பின்னால் சாயும், அதை முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

இனி சக்கரம். ஃபோர்க் 27.5 ஆயிற்றே, பின்னாலும் 27.5 போட்டுவிடலாமே என்ற ஆசை வராமல் இருக்குமா? ரிம்மின் கணக்கில் 26 என்பது 559 மி.மீ., 27.5 என்பது 584. விட்டத்தில் 25, ஆரத்தில் பன்னிரண்டரை. அதாவது அரை அங்குலம். டிஸ்க் பிரேக் ஆக்சிலிலிருந்து அளக்கப்படுவதால் சக்கரம் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. நண்பரிடம் 27.5 சக்கரம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அழகாகச் சுற்றியது, எங்கும் உரசவில்லை. பலர் இந்த இடத்தோடு திருப்தியடைந்து கிளம்பிவிடுகிறார்கள்.

சஸ்பென்ஷன் சைக்கிளில் நிற்கும்போது இருக்கும் இடைவெளி எதையும் சொல்லாது. முழுக்க அமுங்கும்போது பின்சக்கரம் மேலேறி சீட் டியூபை நோக்கி வரும். என் ஷாக்கின் நீளம் 190 மி.மீ., அமுங்கும் தூரம் 50. அப்படியானால் முழுக்க அமுங்கினால் நீளம் 140. அதனால்தான் அந்த மரக்கட்டை. ஷாக்கைக் கழற்றி, அந்த இடத்தில் 140 கட்டையை போல்ட் போட்டு மாட்டினால் சைக்கிள் அமுங்கிய நிலையிலேயே உறைந்து நிற்கும். முதலில் 26ஐ மாட்டி அளந்தேன். டயருக்கும் சீட் டியூபுக்கும் நடுவே 9 மி.மீ. பிறகு 27.5. சக்கரம் உள்ளேயே போகவில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டரையைக் கழிக்க முடியாதல்லவா? ஓடும்போது இது நடந்தால், பெரிய பள்ளத்தில் விழுந்த நொடியில் டயர் குழாயில் முட்டிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

145 கட்டைக்கு வேறு கதை. புது ஷாக் ஒன்றை வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் செய்தேன். வந்தது 190க்கு 45. 2016இல் ராக்‌ஷாக்ஸ் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்தபின் 190 என்ற நீளத்தில் இரண்டு இனம் உண்டு: பழைய அங்குலக் கணக்கில் 50, புதிய கணக்கில் 45. கடைக்காரருக்கு 190 மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த ஃபிரேமில் ஷாக் 1 மி.மீ. அமுங்கினால் சக்கரம் 2.4 மி.மீ. ஏறும், ஆக 120க்குப் பதில் 108தான் கிடைக்கும். சக்கரம் அவ்வளவு மேலே வராது என்றால் 27.5 நுழையுமோ என்று ஒரு நப்பாசை. 145இல் இன்னொரு கட்டை செய்தேன். நுழைந்தது. நடுவே 1 மி.மீ. டயர் நெளியும், ஃபிரேம் வளையும், சேறு அப்பும். குறைந்தது 6 மி.மீ. வேண்டும் என்பது என் கணக்கு. இரவல் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஷாக்கைத் திருப்பி அனுப்பினேன்.

பழைய ஷாக்குக்கே காற்றுப் பக்கத்து சீல்களைப் புதிதாகப் போட்டேன். அதன் கண்ணில் உட்காரும் உலோக உருளைகள் தேய்ந்திருந்தன. சிங்காநல்லூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் காட்டினேன். “ஏனுங்க, இது உள்ள திரும்பணுங்களா, பிடிச்சு நிக்கணுங்களா?” என்று கேட்டார் பட்டறைக்காரர். வேலையின் சூட்சுமமே அந்தக் கேள்விதான். திரும்ப வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. மூன்றாவது முறை கடைந்ததை விரலால் அழுத்தியபோது தேன் போல உள்ளே இறங்கியது.

கியரில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷிமானோவின் 11 பல்சக்கர டியோர் வரிசையில் 11 முதல் 51 பல் வரையுள்ள கேசட், பழைய வகை ஹப்பிலேயே ஏறும். முன்னால் 30 பல்லில் ஒரே ஒரு சக்கரம். பழைய மிகச் சுலபமான கியர் 22க்கு 34. இப்போது 30க்கு 51, அதைவிட இலகு. வேகக் கியர் குறைந்தது, மலையில் அதை யார் தேடுகிறார்கள்? இன்னொன்று: மூன்று சக்கரக் காலத்தில் ஃபிரேம் வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் 32 பல் நடுச்சக்கரத்தை மனதில் வைத்துத்தான் மூட்டுகளின் இடத்தைத் தீர்மானித்தார்கள். அதனால் 30 பல்லில் மிதிக்கும்போது பின்பகுதி குதிப்பதில்லை.

எதையும் செய்ய முடியாத ஓர் இடம் உண்டு, ஃபிரேமின் நீளம். 640 மி.மீ. ஹேண்டில்பாரை 760 ஆக்கினேன், 100 மி.மீ. ஸ்டெம்மை 50 ஆக்கினேன். கை அகன்றது, கட்டுப்பாடு கூடியது. உட்கார்ந்து ஏறும்போது மட்டும் முழங்கால் மார்புக்குப் பக்கத்தில் வருகிறது. இன்றைய ஃபிரேம்களின் தாராளம் இதற்கு வராது.

போன மாதம், தோட்டத்தாரின் அனுமதியோடு, தேயிலைச் சரிவின் மண்பாதையில் முதல்முறை இறக்கினேன். மழை பெய்து ஓய்ந்த காலை. வேர்களும் வழுக்குக் கற்களும். கீழே வந்து நின்றதும் ஷாக்கின் தண்டைப் பார்த்தேன். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று காட்ட அதில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டி விழுந்தது நினைவிருந்தது. வளையம் 47 மி.மீ.யில் நின்றிருந்தது.

(தொடரும்)