பற்றரியை மாற்றுமுன் மீற்றரை வையுங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வான்காரரும் ஓட்டோக்காரரும் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை ஒன்று உண்டு. காலையில் செல்ஃப் அடிக்கவில்லையா, நேரே பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடும். கடைக்குக் கொண்டுபோனால், "அண்ணை, பற்றரியில பிழையில்லை. உங்கட வாகனம்தான் சார்ஜ் பண்ணேல்ல. வொரண்டி தரேலாது" என்பார் கடைக்காரர். பல வேளைகளில் அவர் சொல்வது உண்மை. பொய்யாக இருந்தாலும் மறுத்துக் காட்ட இவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திறக்க 2025 ஆகிவிட்டது. பழைய வண்டிகள் கூடுதலாக உழைத்துவிட்டன. வானில் ஒல்ரனேற்றரின் காபன் தேய்கிறது. ஓட்டோவில் ரெகுலேற்றர் எரிகிறது. பழி மட்டும் பற்றரிமேல்.

சாதாரண டிஜிற்றல் மீற்றர் ஒன்று போதும். வயர் கிளிப்பில் அல்ல, பற்றரியின் ஈயக் குமிழ்களிலேயே முனைகளை வையுங்கள். கிளிப்பில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் கணக்குப் பிழைக்கும். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் 12.6 வோல்ற் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். எஞ்சினை இயக்கி, ஹெட்லைற்றையும் போட்டுப் பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் நல்லது. 13க்குக் கீழே என்றால் சார்ஜ் போதவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது. அமிலம் கொதித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வெளியேறும். கூமுட்டை நாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் பொனற்றருகே சிகரெட் கூடாது. ஹைபிரிட் வாகனங்களில் அமைப்பே வேறு. அவற்றில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

டாஷ்போர்டின் சிவப்பு விளக்கை மட்டும் நம்ப முடியாது. குறைந்த சார்ஜையும் கூடிய சார்ஜையும் அது பெரும்பாலும் காட்டாது. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் இயங்குமுன், அது எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம். பல பழைய வான்களில் அந்த பல்ப் இல்லாமல் ஒல்ரனேற்றர் சார்ஜே தொடங்காது. வெளிநாடுகளில் சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுவோரில் பலர் வோல்ற் மீற்றரோடு, 13 வோல்ற்றுக்குக் கீழே போனால் மின்னும் எச்சரிக்கை விளக்கையும் பூட்டுகிறார்கள். வானத்தில் ஓரங்கட்ட இடமில்லை. காலி வீதியில் மாலை ஆறு மணிக்கும் ஏறத்தாழ அப்படித்தான்.

சில கராஜ்களில் எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றி, "நிக்கேல்லைத்தானே, சார்ஜ் இருக்கு" என்று காட்டுவார்கள். விடாதீர்கள். அந்தக் கணத்தில் எழும் மிகை அழுத்தம் டயோட்டையும் கொம்பியூட்டரையும் எரித்துவிடும். அனுபவமுள்ள பாஸ் என்றாலும் விடாதீர்கள்.

இனிக் கடதாசி. புதுப் பற்றரி பூட்டும்போதே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டப்படி வியாபாரியின் கடமை. திகதி, விலை, பற்றரியின் தொடரிலக்கம், வாகன இலக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். பூட்டிய பிறகு எஞ்சின் ஓடும்போது அளந்த வோல்ற்றையும் எழுதுவித்து, ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வொரண்டி அட்டையில் திகதி இல்லாவிட்டால் கடையை விட்டு இறங்காதீர்கள்.

வொரண்டி மறுக்கப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். ஆனால் தொலைபேசியோடு நின்றுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி 27இல் உள்ள சபையின் தலைமையகத்தில் பற்றுச்சீட்டு, வொரண்டி அட்டைப் பிரதிகளோடு கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று யாராவது சொன்னால், தமிழும் அரசகரும மொழி என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். விசாரணையில் நியாயம் உங்கள் பக்கம் என்றால் மாற்றுப் பொருளோ, பணமோ, நட்டஈடோ தரும்படி சபை கட்டளையிடலாம்.

ஒரு வருட வொரண்டிதானே என்று ஆறுதலாக இருக்க வேண்டாம். முறைப்பாட்டுக்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதம். "அடுத்த கிழமை வாங்கோ" என்று கடைக்காரர் இழுத்தடிப்பது இந்தக் கணக்குத் தெரிந்துதானோ என்னவோ! மூன்று மாதமும், பற்றரி பழுதான நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும்.