கோண எழுத்து

எழுத்துக்கள் யாவும் ஒரே தொழிலுக்கு உரியன அல்ல. நூலின்கண் உள்ளவை அமைதியாகப் படித்தற்குரியன. சுவரொட்டியில் நிற்பனவோ வழிச்செல்வாரை நிறுத்துதற்குரியன. பின்னவற்றுள் 'மெஷின்' என்னும் அச்செழுத்தை ஈண்டு ஆராய்வாம்.

1970-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய டாம் கார்னேஸ், ரானி பாண்டர் என்னும் இருவர் இதனை வரைந்தனர். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களே இதில் உண்டு. வளைவு ஒன்றேனும் இல்லை. வட்டமாகிய 'ஓ' எண்கோணமாய் நிற்கின்றது. இரும்புத் தகட்டில் வெட்டியெடுத்தாற் போன்ற தோற்றம்! இக்கூரிய மூலைகள் இயந்திரத்தின் கொடை என்றே யாமும் முதலில் எண்ணினோம்.

ஆயின் வரலாறு வேறு கூறுகின்றது. பெரிய ஈய எழுத்துக்கள் பாரமும் விலையும் மிக்கன. ஆதலின் 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பார், சுழலும் உளியால் மரத்தில் எழுத்தமைக்கும் முறையைக் கண்டார். சுழலும் உளி உள்மூலைகளை வளைவாகவே விட்டுச் சென்றது. தொழிலாளர் கத்தி கொண்டு அவற்றைக் கூராக்கினர். பொறியின் இயல்பு வளைவு. கூர்மையோ மனிதன் கைத்திறம்!

இவ்வெழுத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. 'ஓ'விற்கு நான்கு மூலைகளும் கொய்யப்பட்டுள்ளன. 'டி'க்கு வலப்புறம் மட்டுமே. சிறிய அளவில் இவ்வேற்றுமை மறைய, எழுத்துக்கள் தம்முள் மயங்கும். தலைப்பில் இரண்டொரு சொல்லாய் நின்றால் கண்ணைக் கவரும்; பக்கம் முழுதும் நிரப்பினால் கண் சோரும். சந்தையிற் கூவும் குரல் சந்தைக்கே பொருந்தும். அதனால் இல்லத்தில் உரையாடுவார் உளரோ? எழுத்தைத் தேர்வார் முதலில் இடமறிதல் வேண்டும்.