கச்சத்தீவு அந்தோணியார் சிற்றாலயம்

இராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவுக்கும் இடையே, 285 ஏக்கர் பரப்பில், குடிநீரோ நிலையான குடியிருப்போ இன்றிக் கிடக்கும் கச்சத்தீவின் பழைய வழிபாட்டிடம், பதுவை நகர்ப் புனித அந்தோணியாருக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட சிற்றாலயமாகும். தொண்டிக்கு அருகிலுள்ள நம்புதாளையைச் சேர்ந்த மீனவர் ஒருவர் இதைக் கட்டினார் என்பது வழிவழிச் செய்தி. கோபுர அலங்காரங்களுக்கு இடமின்றி, எளிய சிறு கட்டடமாக நின்ற இவ்வாலயம், ஆள் வாழாத தீவில் ஆண்டுக்கொரு முறை கூடும் கூட்டத்துக்கென அமைந்தது. ஆகவே அதன் உண்மையான மண்டபம் வெளியே விரியும் மணல்வெளிதான் எனலாம். தீவை இலங்கைக்கு உரியதாக ஏற்ற 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம், இந்திய மீனவரும் யாத்திரிகரும் நுழைவு அனுமதியான விசா இன்றி அங்குச் சென்றுவர வழிவிட்டது. இலங்கை உள்நாட்டுப் போரால் தடைப்பட்ட ஆலய ஆண்டுத் திருவிழா 2010இல் மீண்டும் தொடங்கியது. பழைய ஆலயத்துக்கு அருகே இலங்கைக் கடற்படை கட்டிய பெரிய ஆலயம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாண மறைமாவட்டம், அதாவது ஆயர் ஒருவரின் ஆளுகைக்குட்பட்ட திருச்சபைப் பகுதி, இத்திருத்தலத்தை நிருவகிக்கிறது.