நாளைக்கு ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கை

மொன்றியலில் ஒரு பிறந்தநாள் விழா. "இன்னுமொரு ரோல்ஸ் எடுப்பம், நாளைக்குக் கொஞ்சம் கூட நடந்தாச் சரி." மதுரையில் ஒரு கல்யாணப் பந்தி. "பாயசம் ஊத்துங்க, ராத்திரிக்கு மோர் மட்டும் குடிச்சுக்கிறேன்." இருவரும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. அளவு மீறுகிறது என்று தெரிந்ததால்தான் இந்தச் சமாதானமே தேவைப்படுகிறது.

மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பேர்பெல் க்னாய்பரும் அவரது குழுவினரும் இத்தகைய சமாதானங்களை ஆராய்ந்தார்கள். ஒரு கெட்ட பழக்கத்தின் பாதிப்பை இன்னொரு நல்ல பழக்கம் சரிசெய்துவிடும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார்? இதை அளக்கும் வினாத்தாளை 2004இல் வெளியிட்டார்கள். அந்த நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2006இல் விளக்கம் தந்தார்கள்.

ஆசை ஒரு பக்கம் இழுக்க, எடை குறைக்கும் தீர்மானம் மறுபக்கம் இழுக்கிறது, மனம் உறுத்துகிறது. ஆசையை அடக்குவது கடினம். 'ஒரு நாளில் என்ன ஆகிவிடும்' என்று ஆபத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். அதைவிடச் சுலபம், பிறகு ஈடுகட்டுவதாக நமக்கு நாமே வாக்குக் கொடுப்பது. கொடுத்த கணமே உறுத்தல் அடங்கிவிடும். ஆனால் மறுநாள் காலையில் நம்மை எழுப்பி நடக்கவிட வேண்டியதும் அந்த உறுத்தல்தானே?

வாக்கைக் காப்பாற்றினாலும் கணக்கு இடிக்கும். எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. நம் மனக்கணக்கோ தாராளமானது. உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவினரை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் குழுவினர் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு மாற்று என்ன? 2011இல் வெளியான ஓர் ஆய்வில் க்னாய்பர் குழு 177 மாணவர்களிடம் ஒரு வாரம் கூடுதலாகப் பழம் சாப்பிடச் சொன்னது. எல்லோரும் கூட்டினார்கள். ஆனால் எப்போது, எங்கே, எப்படி வாங்கிச் சாப்பிடுவது என்று எழுதிவைத்து, அதை மனக்கண்ணில் ஓட்டியும் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு கூட்டினார்கள்.

பந்தியில் கொடுப்பதும் வாக்கு, இதுவும் வாக்கு. முன்னது ஆசைக்கு அனுமதிச் சீட்டாக, அது எழுந்த பிறகு எழுதப்படுவது. பின்னது ஆசை வருமுன்பே நேரமும் இடமும் குறித்துவிடுவது.